இஞ்சின் போட்ட பாதை

உங்களுக்கு வேறு வேலை இல்லையா பிள்ளைகளே? எரிசக்தித் திட்டமிடல் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பட்டம் பெற்ற ஆட்களிடம் போயிருக்கலாம். ரிப்போட் எழுதியவர்கள் இருக்கிறார்கள். அந்த ரிப்போட்டுக்கு மினுங்குகிற அட்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவளிடம் வந்து "உங்கள் பணி அனுபவத்தைத் தாருங்கள்" என்று நிற்கிறீர்கள். என் அனுபவத்தில் பாதி தேங்காய் துருவியது. அதையும் எழுதட்டுமா?

சரி, வந்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இடையில் "அது எந்த வருசம் அம்மா?" என்று ஒருவரும் கேட்கக்கூடாது. சண்டைக் காலம். அப்போது நாங்கள் வருசத்தை எண்ணவில்லை. வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா என்றுதான் எண்ணினோம்.

முதல் நாள்: வெங்காயத்துக்குப் பக்கத்தில் ஒரு சூட்கேஸ்

மட்டக்களப்புப் பட்டினத்தில், வெளிநாட்டு உதவியில் நடந்த ஒரு நிறுவனத்தில் எனக்குச் சமையல் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். முதல் நாள் காலை குசினிக்குள் போனால், நான் வெங்காயம் உரிக்க வேண்டிய மேசையில் ஒரு கறுப்புச் சூட்கேஸ் திறந்து கிடக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். பெயர் யசோதா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எஞ்சினியர். சூட்கேஸ் என்று நான் நினைத்தது கொம்பியூட்டர்.

அந்த நாட்களில் பட்டினத்திலேயே கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ஆபீஸ் ஜெனரேட்டரின் வயர் குசினிக்குத்தான் வந்தது, ஏனென்றால் பிரிட்ஜ் அங்கேதான் இருந்தது. பிரிட்ஜுக்குள் பணிப்பாளர் ஐயாவின் சோடா இருந்தது. அந்தச் சோடா குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும். மட்டக்களப்பின் எதிர்காலத்தைக் கணக்குப் பார்க்கிற கொம்பியூட்டரும் அந்தச் சோடாவின் புண்ணியத்தில்தான் ஓடியது.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. வயர் இவ்வளவு தூரந்தான் வருது" என்றாள் யசோதா.

"நான் குறை நினைக்கல்ல மகள். வெங்காயம்தான் நினைக்கும்."

சிரித்தாள். நல்ல பிள்ளை என்று அப்போதே தெரிந்துவிட்டது. என் பகிடிக்குச் சிரிக்கிற எல்லோரையும் நான் நல்ல பிள்ளைகள் என்றுதான் சொல்வேன்.

"இது என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"ஒரு ஊர்ச் சனம் என்னத்தை எரிக்குது, எவ்வளவு எரிக்குது எண்டு சொன்னா, வாற வருசங்களில எவ்வளவு தேவைப்படும், அதை எங்கயிருந்து எடுக்கலாம் எண்டு காட்டும். ஆரும் பாவிக்கலாம். யூசர் பிரெண்ட்லி."

"பிரெண்ட் எண்டா சிநேகிதம். ஆரோட?"

"உங்களோடதான். சொல்லுங்கோ, உங்கட வீட்டில என்ன எரியுது?"

"அடுப்பில விறகு எரியுது. மண்ணெண்ணெய் கிடைச்சா குப்பி லாம்பு எரியுது. என்ட மனுசன் தவறணையில குடிச்சிட்டு வந்தா என்ட வயிறு எரியுது. போடு."

"அதுக்குக் கட்டமில்லை அம்மா."

"மறுகா என்ன சிநேகிதம்?" மறுகா என்றால் எங்கள் ஊரில் பிறகு.

ஆனால் அந்தப் பெட்டியை நான் சும்மா சொல்லமாட்டேன். விறகு ஒரு நிறத்தில் நிற்கும், மண்ணெண்ணெய் ஒரு நிறத்தில் நிற்கும், டீசல் ஒரு நிறத்தில் நிற்கும். ஒன்றைக் குறைத்தால் மற்றது எழும்பும். "விறகைப் பாதியாக்கிப் பாருங்கோ" என்று என் விரலைப் பிடித்து அவளே அமத்துவித்தாள். நான் பிழையாக அமத்தினேன். பெட்டி ஏசவில்லை, திரும்பக் கேட்டது. திரும்பவும் பிழையாக அமத்தினேன். அப்போதும் ஏசவில்லை. என் சீவியத்தில் நான் பிழை விட்டு ஏச்சு வாங்காத முதல் இடம் அதுதான்.

அன்றிலிருந்து நான்தான் அவளுக்குப் பரீட்சை எழுதுகிற ஆள். ஒவ்வொரு நாளும் சோறு வெந்துகொண்டிருக்கும்போது ஒன்றைக் காட்டுவாள், "விளங்குதோ?" என்பாள். விளங்கவில்லை என்றால், "அது உங்கட பிழையில்லை அம்மா, என்ர பிழை" என்று சொல்லிவிட்டு மாற்றுவாள். படித்த ஆட்கள் வாயில் அந்த வசனத்தை நான் அதற்குப் பிறகும் அதிகம் கேட்கவில்லை.

மாப்பைத் துணி

இந்தக் கணக்கெல்லாம் எந்த ஊருக்கு என்று கேட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக்குத்தான் என்றாள். நான் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

வாவியை நாங்கள் ஆறு என்போம். ஆற்றுக்கு இந்தப் பக்கம், சூரியன் எழும்புகிற பக்கம், எழுவான்கரை. அந்தப் பக்கம் சூரியன் படுகிற படுவான்கரை. எங்கள் ஊர் படுவான்கரையில், பழுகாமத்துக்கு அங்கால் இருக்கிறது. அங்கே கரண்ட் கம்பி வந்ததே இல்லை. ஆற்றைக் கடக்கிற இடத்தில் ஆமி சென்றி, அதாவது காவலரண். மண்ணெண்ணெய், டீசல், டோச் பற்றரி எதையும் தங்கள் எண்ணத்துக்குத்தான் விடுவார்கள். ஊரில், ஆற்றுத் துறைக்குக் கிட்ட ஒரு சின்னக் கிளினிக். மிட்வைப் பாக்கியம் அக்கா அங்கே குப்பி லாம்பு வெளிச்சத்தில் பிள்ளைப்பேறு பார்ப்பாள். தடுப்பூசி மருந்து வைக்க மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிட்ஜ் ஒன்று இருந்தது. எண்ணெய் வராத நாட்களில் அது வெறும் அலுமாரி.

என் மகள் இந்திராவுக்கு அந்த நேரம் தலைப்பிள்ளை வயிற்றில். அந்தக் கிளினிக்கில்தான் பெறவேண்டும். அதனால் யசோதாவின் கணக்கு எனக்கு அப்போதிருந்து வெறும் கணக்காக இருக்கவில்லை.

கணக்கை ஊருக்குக் கொண்டுபோய், சனங்களோடு இருந்து, எந்தத் திட்டம் வேண்டும் என்று கேட்க வேண்டும். ஆனால் கொம்பியூட்டரை ஆற்றைக் கடந்து கொண்டுபோக ஆமி விடாது. டோச் பற்றரியையே விடாதவர்கள் அதற்குள் இருக்கிற பற்றரியையா விடப்போகிறார்கள்?

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். யசோதா என்னிடம் வந்து, "அம்மா, மாப்பை இருக்கோ?" என்றாள். கோதுமை மா வருகிற வெள்ளைத் துணிப் பைகளைப் பிரித்துத் தோய்த்துக் கொடுத்தேன். அவற்றை ஒன்றாகத் தைத்து, அந்தத் துணியில் கொம்பியூட்டருக்குள் இருந்த கட்டங்களைக் கீறினாள். மூன்று திட்டத்துக்கும் மூன்று வரிசை. முதலாவதில் அடுப்புப் படம்: விறகு குறைவாகத் தின்கிற மண் அடுப்பும், வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய்ப் பங்கீடும். இரண்டாவதில் இஞ்சின் படம்: ஊர் நடுவில் ஒரு டீசல் ஜெனரேட்டர். மூன்றாவதில் சூரியன்: கிளினிக்குக் கூரையில் சோலர் தகடு, வீடுகளுக்கு அதே மண் அடுப்பு. கிளினிக், பள்ளிக்கூடம், மில், வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தேங்காய்ச் சிரட்டை. ஆற்றைக் கடந்து வருகிற எண்ணெய்க்குப் புளியங்கொட்டை, வெயிலுக்குச் சிவப்பு மஞ்சாடிக்கொட்டை, விறகுக்குச் சோகி, அதுதான் சோழி. எந்தச் சிரட்டைக்கு எத்தனை கொட்டை என்று முதலில் கொம்பியூட்டரில் பார்த்துத்தான் வைப்பாள். கண் மட்டத்துக்கு வைக்கவே மாட்டாள்.

குசினித் தரையில் நானும் அவளும் அதை எத்தனையோ தடவை விளையாடினோம். துணியின் மேலே பெரிய எழுத்தில் தலைப்பு ஒன்றும் எழுதியிருந்தாள். அதை நான் வாசிக்கவில்லை. என் வாசிப்பு பஸ்ஸின் நெற்றியோடு நின்றுபோன வாசிப்பு.

கையைத் தூக்கிய கூட்டம்

ஊருக்குப் போகிற நாள் நானும் கூடப் போனேன். சென்றியில் சிரட்டைகளையும் கொட்டைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு ஆமிக்காரப் பொடியன், "மொகக்த மே?" என்றான். இது என்ன என்கிறான். "கேம், கேம்" என்றேன். அவன் போய்ப் பெரியவனைக் கூட்டிவந்தான். பெரியவன் போய் இன்னும் பெரியவனைக் கூட்டிவந்தான். எங்களைப் போகவிட்டபோது வெயில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு ஆற்றைக் கடந்தது பாதையில். பாதை என்றால் எங்கள் ஊரில் என்ன என்று உங்களுக்குத் தெரியும்தானே? தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பலகை அடித்த பெரிய மிதவை. ஆட்கள், சைக்கிள், மாடு எல்லாம் ஏறும். கரைக்குக் கரை கட்டியிருக்கிற கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் போகவேண்டும். காற்று எதிராக அடித்தால் ஏறினவர்களும் இழுக்கவேண்டும். அதுதான் பாதை. நடக்கிற பாதையை நாங்கள் ரோட்டு என்போம், ஒழுங்கை என்போம்.

பின்னேரம் ஆற்றைப் பூட்டிவிடுவார்கள். பிந்திப் போனதால் விளையாட நேரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கூடியிருந்த சனங்களுக்கு முன்னால் யசோதா துணியை விரித்தாள். தலைப்பைக் காட்டினாள்.

"இதில மூண்டு பாதை இருக்கு. முதலாம் பாதை, இரண்டாம் பாதை, மூண்டாம் பாதை. உங்கட ஊருக்கு எந்தப் பாதை வேணும் எண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

சனங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் வரிசை வரிசையாக விளக்கினாள். இரண்டாவதில் இஞ்சின் படத்தைத் தொட்டு, "இதுக்கு இஞ்சின் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒன்றும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. டீசல் வராவிட்டால் நின்றுவிடும் என்றாள், தலையாட்டினார்கள். கிளினிக்கைச் சொன்னாள், அதற்கும் தலையாட்டினார்கள்.

"சரி, இரண்டாம் பாதை வேணும் எண்டுறவை?"

எல்லாக் கையும் எழும்பியது. ஊரிலேயே பெரிய வயல் வட்டைக்கும் நெல்லு மில்லுக்கும் சொந்தக்காரரான போடியார் இரண்டு கையையும் தூக்கினார். கிளினிக் பாக்கியம் அக்காவும் தூக்கினாள். என்னைப் பார்க்கிறீர்களா? நானும்தான். குசினியில் அவள் "திட்டம் ஒண்டு, திட்டம் ரெண்டு" என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்குப் பாதை என்கிறாளே, இது வேறு விசயம் போலிருக்கிறது, பாதையும் தருகிறார்களாக்கும் என்று நினைத்தேன். இழுத்து இழுத்துக் கை தோல் உரிந்தவளுக்கு இஞ்சின் என்றால் கை தானாக எழும்பாதா?

யசோதாவின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் சனம் சொன்னது சனம் சொன்னதுதான் என்று எழுதிக்கொண்டாள்.

நடு ஆற்றில்

திரும்பும்போது பாதையில் ஏறி நடு ஆற்றுக்கு வந்துவிட்டோம். கயிறு இழுக்கிற காத்தமுத்து அண்ணன் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"மிஸ், இஞ்சின் பாதை தாறீங்களாமே! மாடு ஏத்தலாமா?"

"மாடு... எதில ஏத்துறது?"

"பாதையிலதான். எத்தின சைக்கிள் புடிக்கும்? கயிறு வேணாம்தானே? என்ட கை ஒள்ளுப்பம், கொஞ்சமெண்டாலும் ஆறும்."

யசோதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் தலைக்குள் லைட் பத்தியது.

"மகள்," என்றேன், "நீ பாதை எண்டது எதை?"

"வழி அம்மா. எதிர்காலத்துக்குப் போற வழி. நீங்கள்?"

நான் காலால் பலகையைத் தட்டிக் காட்டினேன். "இதை."

அவள் அந்தப் பலகையிலேயே குந்திவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் இரண்டாம் திட்டத்துக்குரிய ஜெனரேட்டர் ஏற்கனவே பட்டினத்து ஸ்டோரில் கிடந்தது. பணிப்பாளர் அதைத் தள்ளிவிட வழி பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே கை தூக்கிக் கேட்டது என்று ஒரு வரி போதும், அது வந்துவிடும். அது வந்தாலும் டீசல் வராது. டீசல் வராவிட்டால் கிளினிக்கில் மறுபடியும் குப்பி லாம்புதான். என் பிள்ளை அந்த லாம்புக்கு முன்னால்தான் கிடக்க வேண்டும்.

"அண்ணை, திருப்புங்கோ" என்றாள் யசோதா.

"கிறுக்கவா? அக்கரையில பூட்டுற நேரம் மிஸ். இப்ப கிறுகினா இண்டைக்குத் திரும்ப ஏலா."

"தெரியும். திருப்புங்கோ."

அந்தக் காலத்தில் படுவான்கரையில் ஆபீஸ் ஆள் இரவு தங்குவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. காலையில் ஆமியும் இயக்கமும் என்று இரண்டு பக்கமும் கேள்வி கேட்கும். கயிற்றை மறுபக்கம் இழுக்க அவளும் கை வைத்தாள். அந்தக் கையைப் பார்த்தேன். பேனை பிடிக்கிற கை. ஆனால் விடவில்லை.

மறுநாள் விளையாட்டு

இந்திரா வீட்டில் தங்கினோம். காலையில் அதே பள்ளிக்கூடத்தில் அதே சனம். யசோதா எழும்பி நின்று சொன்னாள்:

"நான் பிழையான சொல்லைச் சொல்லிப்போட்டன். என்னட்ட ஓடம், பாதை ஒண்டும் இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஒரு பெரிய பெருமூச்சு. பின்னாலிருந்து ஒரு கிழவி, "பாதையும் இல்லையாம், மறுகா என்னத்துக்குடி இவள் கிறுகி வந்தவள்?" என்றாள். சிரிப்பு எழும்பியது. அந்தச் சிரிப்போடு யசோதா சிரட்டைகளை எடுத்து ஆட்களின் கையிலேயே கொடுத்தாள். இஞ்சின் வரிசையைப் போடியாருக்கு. சூரிய வரிசையைப் பாக்கியம் அக்காவுக்கு. அடுப்பு வரிசையை அந்தக் கிழவிக்கு.

"போடுங்கோ, உங்கட உங்கட கொட்டையை."

போடியார் எல்லாச் சிரட்டையிலும் புளியங்கொட்டையை நிரப்பினார். மில் ஓடியது, கிளினிக்கில் வெளிச்சம் வந்தது, போடியாருக்குப் பெருமை. யசோதா எனக்குக் கண் காட்டினாள். நான் ஆமிக்காரன் மாதிரி எழும்பி நின்று, "சென்றி பூட்டு!" என்றேன். இஞ்சின் வரிசைக்குப் புதுக் கொட்டை கிடையாது. இருந்ததை மில் தின்றது. "இன்னும் பூட்டு!" என்றேன். கிளினிக் சிரட்டை வெறுமையாகிவிட்டது.

"இது கள்ள விளையாட்டு புள்ள," என்றார் போடியார். "இவள் சும்மா சும்மா பூட்டுறாள்."

"போடியார், மெய்யான சென்றி இவளவிட மோசம்தானே?" என்றார் காத்தமுத்து அண்ணன்.

பிறகு யசோதா, "இப்ப மாரி" என்று சொல்லி, பாக்கியம் அக்காவின் மஞ்சாடிக்கொட்டையிலும் கொஞ்சத்தை எடுத்துவிட்டாள். தன் கட்சிக்காக ஒன்றும் ஒளிக்கவில்லை. சோலர் மில்லை இழுக்காது என்பதையும், அதற்கும் ஒரு பெரிய பற்றரி வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள். ஆனால் அதற்கு ஆமியிடம் ஒரே ஒருமுறை கெஞ்சினால் போதும், டீசலுக்கு மாதாமாதம் கெஞ்ச வேண்டும். மாரியிலும் கிளினிக் சிரட்டையில் சிவப்புக் கொட்டை கிடந்தது. பிரிட்ஜுக்கும் ஒரு லைட்டுக்கும் அது போதும்.

போடியார் தன் மில் சிரட்டையைப் பார்த்தபடி இருந்தார். பாக்கியம் அக்கா மெதுவாக, "போடியார், உங்கட மருமகளுக்கும் மாசம் கிட்டுது. எங்கிட்டத்தான் வரோணும்" என்றாள்.

போடியார் எழும்பினார். கிளினிக் சிரட்டையைத் தன் வரிசையிலிருந்து எடுத்துச் சூரிய வரிசையில் தானே வைத்தார். வைத்துவிட்டு, "மில்லுக்கு ஒரு வழி பாரு புள்ள" என்றார். "பாதை எண்டு மட்டும் சொல்லாத."

அதற்குப் பிறகு ஒருவரும் கை தூக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து சிரட்டையை நகர்த்தினார்கள். மூன்றாவது வரிசை நிறைந்தது.

சோடா

பட்டினம் திரும்பினால் பணிப்பாளர் ஐயா வாசலில் நிற்கிறார்.

"ஊர்ச் சனம் ஜெனரேட்டர் கேட்டதெண்டு உங்களுக்கு முதல் அக்கரையால வந்த ஆள் நேத்தே சொல்லிட்டான். நீங்க ஏன் மிஸ் திரும்பிப் போனீங்க? முடிஞ்ச வேலையை ஏன் கிண்டுறீங்க?"

யசோதா உள்ளே போனாள். அவருடைய மேசையில் மாப்பைத் துணியை விரித்தாள். இஞ்சின் வரிசையை அவர் கையில் கொடுத்தாள். அவரும் போடியாரைப் போலவே நிரப்பினார். நான் கதவடியில் நின்று சென்றி பூட்டினேன். அவரும் "இது கள்ள விளையாட்டு" என்றார். பிறகு கொம்பியூட்டரை அதன் பற்றரியிலேயே திறந்து, அதே கணக்கைக் கட்டம் கட்டமாக அவருக்குக் காட்டினாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பாதி இளகியது.

"பூமணி, ஒரு சோடா கொண்டா" என்றார்.

கொண்டுபோனேன். தொட்டுப் பார்த்தார். சூடு.

"என்ன இது?"

"டீசல் முடிஞ்சிது ஐயா. றோட்டுப் பூட்டாம்."

உண்மையாகவே முடிந்ததா என்று கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்பவர்களுக்குத் தேத்தண்ணி போடுவதில்லை. ஐயா சூடான சோடாவைக் குடித்தார். கையெழுத்தும் வைத்தார். சோலர் பற்றரிக்கு அனுமதி வாங்க யசோதாவோடு எத்தனையோ அரசாங்கக் கந்தோருக்குத் தானே ஏறி இறங்கினார். அந்த மனுசனையும் நான் குறை சொல்லமாட்டேன்.

வெளிச்சம்

இந்திராவுக்குப் பொழுதுபடுகிற மைமல் நேரத்தில் வயிற்றுக்குத்துத் தொடங்கியது. கிளினிக் கூரையில் தகடு ஏறி அதிக நாள் ஆகவில்லை. நான் வெளியே நின்றேன். உள்ளே வெள்ளை வெளிச்சம். பாக்கியம் அக்கா ஒருமுறை கத்தினாள், பிறகு சத்தமில்லை. பிறகு பிள்ளை அழுதது.

"கொடி கழுத்தில சுத்தியிரிந்திச்சு பூமணி," என்றாள் வெளியே வந்து. "கண்ட உடன எடுத்திட்டன். குப்பி லாம்பில இதை நான் கண்டிரிக்க மாட்டன்."

நான் பகிடிக்காரி. அன்றைக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

யசோதா துணியின் தலைப்பை அழித்துவிட்டாள். கொம்பியூட்டரிலும் அந்தச் சொல்லை மாற்றினாள். அதற்குப் பிறகு அவள் எந்த ஊருக்குப் போனாலும், துணியை விரிக்கும் முன் அந்த ஊர்ப் பெண்களிடம் ஒவ்வொரு சொல்லையும் சொல்லி, "இதுக்கு இஞ்ச என்ன அர்த்தம்?" என்று கேட்பாளாம். நீங்களும் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்றால் அதைப் பழகிக்கொள்ளுங்கள். உங்களுடைய பெட்டி எவ்வளவு சிநேகிதமாக இருந்தாலும், அது பேசுகிற சொல் ஊருக்குச் சிநேகிதமா என்று முதலில் பாருங்கள்.

பேரப்பிள்ளையைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் கிளினிக்குக்கு வந்தார்கள். பிள்ளையைப் பார்த்தார்கள், லைட்டை அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன கா பூமணி, இஞ்சின் பாதை வருகுதெண்டு நீயும்தானே கையத் தூக்கினாய்? எங்க பாதை?"

"பாதை வரல்ல," என்றேன். "லைட்டுத்தான் வந்திரிக்கி. அந்த வெளிச்சம் பாதை நிக்கிற துறையடி வரைக்கும் அடிக்குது. நம்மட பாதை எவ்வளவு உக்கிப்போச்செண்டு இப்பதான் வடிவாத் தெரியுது."